ஒன்று விடாமல்

சாவியை உருவி எடுத்த பிறகும் வண்டி அடங்கவில்லை. இருக்கைக்கு அடியில், தொண்டைக்குள்ளேயே வைத்து முனகுவதுபோல ஒரு சன்னமான ஓசை ஓடிக்கொண்டிருந்தது. சாவி உள்ளங்கையில்தான் இருந்தது. கையை விரித்துப் பார்த்தான். ஐந்தாறு மூச்சு நேரம் நீடித்த முனகல், உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போனதுபோலச் சட்டென்று நின்றது.

அது அவன் மனைவியின் ஸ்கூட்டர். பத்து மாதமாக மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அவனுடைய பைக் ஒரேயடியாகப் படுத்துவிட்டதால்தான் அதை வெளியே எடுத்தான். மேம்பாலத்தின் இறக்கத்தில், மழைநீர் தேங்கிய பள்ளத்தில் சறுக்கித் தடுப்புச்சுவரில் மோதிய வண்டி. மோதிய வண்டிக்குப் பெரிதாக அடி இல்லை. இறந்தது ஓட்டிவந்த அவளும், பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவனும்.

பின்னால் இருந்தவன் அவள் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவன். மழையில் பஸ் வரவில்லை, போகிற வழிதானே என்று ஏற்றிக்கொண்டாள் என்றார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள், அதே வார்த்தைகளில். துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் கூடி ஒத்திகை பார்த்துவிட்டு உள்ளே வந்த மாதிரி இருந்தது. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பத்து மாதமாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தான். அழுகை வரவில்லை. பல் பிடுங்கும்போது போடுகிற மரத்துப்போகும் ஊசியை உடம்பு முழுக்கப் போட்டது போல இருந்தது, அவ்வளவுதான்.

வண்டி சிக்னலுக்குச் சிக்னல் அணைந்தது. நிறுத்தினால் முனகியது. மூன்றாவது நாள் தள்ளிக்கொண்டே ஒர்க்‌ஷாப்புக்குப் போனான்.

கடையை நடத்துபவளுக்குக் கரண்ட் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒயரிங், பேட்டரி, சென்சார் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். தகரக் கூரை, ஸ்பிரிட் வாசனை, ஈயம் உருகிய புகை, இரண்டு எழுத்துகள் பெயர்ந்துபோன ஒரு லேப்டாப். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வண்டியின் பக்கத்துத் தட்டைக் கழற்றினாள். உள்ளே கைவிட்டு, தீப்பெட்டியைப்போல மூன்று மடங்கு இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டியை உருவினாள். ஈசியூ. எஞ்சினுக்கு எப்போது பெட்ரோல், எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று சொல்வது அதுதான். அதன் ஊசிகளில் பச்சை பூத்திருந்தது. கவிழ்த்தபோது ஒரு துளி தண்ணீர் சொட்டியது. பத்து மாதத்துத் தண்ணீர்.

“மண்டையில தண்ணி ஏறிடுச்சு தம்பி. எங்க வீட்டுக்காரருக்கும் இதே வியாதிதான். இதுக்காவது மாத்துப் பெட்டி கிடைக்கும்.”

அவன் சிரிக்கவில்லை. அவளும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பழைய பெட்டியைத் துடைத்து, காயவைத்து, லேப்டாப்போடு இணைத்தாள். பாதிதான் படிக்க முடிந்தது. திரையில் எண்கள் வரிவரியாக இறங்க, அவள் தனக்குள் பேசுவதுபோல விளக்கிக்கொண்டே போனாள். இந்தப் பெட்டி ஓட்டுபவரின் கையைப் படிக்கும். முறுக்குகிற விதம், பிரேக் பிடிக்கிற விதம், ஏற்றுகிற பாரம் எல்லாம் அதற்குப் பழகிவிடும். எடை பார்க்கிற மிஷின் எதுவும் இதற்குள் இல்லை. ஆனால் இவ்வளவு முறுக்கினால் இவ்வளவு வேகம் வரவேண்டும். வரவில்லை என்றால் வண்டியில் ஆள் கூட என்று அது முடிவு செய்துகொள்ளும்.

“டபுள்ஸ் பழகின வண்டி இது. வீட்டம்மா ஓட்ட, ஐயா பின்னாடி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கிட்டே போவீங்களோ? குடுத்து வெச்சவங்கதான்.”

அவன் அந்த ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை.

மழைநாள் ஒன்றுதான் என்றார்களே. ஒரு ஓட்டத்துக்கு வண்டி பழகுமா? கேட்டான். பழகாது என்றாள். நூறு தடவையாவது ஏற்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் நாற்பது நிமிடம் என்று காட்டுவதாகவும் சொன்னாள். ஸ்கேன் சென்டரிலிருந்து வீடு பதினைந்து நிமிடம். “ரோடெல்லாம் ஒரே நெரிசல்” என்று சொல்லிக்கொண்டே மனைவி உள்ளே வருவாள். அவன் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் ம் என்பான். “எக்ஸ்ரே இன்னிக்கு என்ன சொன்னார் தெரியுமா” என்று ஆரம்பிப்பாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். அப்போதும் ம்.

அந்தச் சிரிப்பு இப்போது, தகரக் கூரையின் அடியில், அவன் காதில் விழுந்தது. நெஞ்சுக்குள் ஏதோ கீறியது. பத்து மாதத்துக்குப் பிறகு அவனுக்கு வலித்த முதல் வலி அதுதான்.

மாற்றுப் பெட்டியை இரண்டு விதமாகப் போடலாம் என்றாள் கரண்ட் அக்கா. சாவிக்கான எண்ணை மட்டும் எழுதிவிட்டு மற்றதை வெற்றாக விட்டால், ஒரு வாரத்தில் அவன் கைக்குப் பழகிவிடும். அதுதான் அவள் வழக்கமாகச் செய்வது. இல்லையென்றால் பழையதில் இருப்பதை அப்படியே இதில் இறக்கலாம். இறக்கினால் படிக்க முடியாத மீதியும் தெரியவரும்.

“ஆனா வேணாம் தம்பி. பழசை இறக்கினா அதுல கெட்டுப்போனதும் கூடவே வரும். எது எதுன்னு பிரிக்க முடியாது.”

“இறக்குங்க.”

“சாவி நம்பர் மட்டும் போதும். சொன்னா கேளுங்க.”

“ஒண்ணு விடாம இறக்குங்கக்கா.”

அவள் அவனை ஒருகணம் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டாள்.

அரைமணி நேரம் ஆனது. வண்டி நடு ஸ்டாண்டில் நின்றது, பின்சக்கரம் தரையைத் தொடாமல். கடையின் மின்விசிறி சுற்றிச்சுற்றி ஒரே சூட்டைக் கலக்கிக்கொண்டிருந்தது. திரையில் பச்சைக்கோடு கடைசி எண்ணைத் தொட்டதும், சாவி போடாத வண்டி முனகியது. பின்சக்கரம் மெதுவாக, மிக மெதுவாக, அரைச்சுற்று சுற்றி நின்றது. அதன்பின் பின்பக்கத்து ஸ்பிரிங் ஒருமுறை கிறீச்சிட்டது. சற்றுநேரம் கழித்து இன்னொருமுறை.

“கரண்ட் பாயுது, வேற ஒண்ணுமில்லை” என்றாள். மீதியில் என்ன இருக்கிறது என்று கேட்டான். எல்லாம் அதேதான், டபுள்ஸ்தான் என்று சொல்லி லேப்டாப்பை மூடினாள்.

அன்று மாலை மனைவியின் தங்கைக்குப் போன் செய்தான். எக்ஸ்ரேகாரனைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா என்று, சுற்றி வளைக்காமல் கேட்டான். அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது, பாத்திரம் உருண்டது, கதவு சாத்தப்பட்டது.

“இப்ப கேக்கறீங்களே மாமா” என்றாள். “அவ உயிரோட இருந்தப்ப, ஏன் லேட்டுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

அவன் வைத்துவிட்டான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்று ராத்திரியெல்லாம் புரண்டான்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பியபோது வண்டி நன்றாகத்தான் ஓடியது. அணையவில்லை, முனகவில்லை. ஆனால் கனத்தது. தனியாகப் போகிறவனின் வண்டிபோல இல்லை. மேடு ஏறும்போது பின்பக்கம் தாழ்ந்தது, வேகத்தடையில் அடி உரசியது, திருப்பத்தில் சாய்க்கும்போது அவனோடு சேர்ந்து இன்னொரு பாரமும் சாய்ந்தது. பழைய பெட்டியின் நினைப்பு, நூறு கிலோமீட்டரில் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டான்.

மூன்றாம் நாள் மாலை, பூங்காவை ஒட்டிய நிழல் சாலையில், அது அவன் மேல் சாய்ந்தது.

தோளிலிருந்து இடுப்புவரை முதுகு முழுக்கப் பரவிய ஒரு மெத்தென்ற பாரம், முதலில் ஈரமாக, பிறகு மெல்ல மெல்ல இளஞ்சூடாக. கூடவே நனைந்த ரப்பரின் வாசனை, அதற்கடியில் அவள் தலைக்குத் தேய்க்கிற ஷாம்பூவின் வாசனை, அதற்கும் அடியில் நாள்பட்ட தண்ணீரின் வாசனை. அவன் வண்டியை நிறுத்தவில்லை. திரும்பவில்லை. கண்ணாடிகள் இரண்டையும் கைநீட்டி வெளிப்புறமாகத் திருப்பிவிட்டான். பார்த்தால் போய்விடுவாள் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனாகவே முடிவு செய்துகொண்டான்.

வீட்டு வாசல் வந்தபோது இறங்க மனமில்லாமல் நேராகப் போனான். நாற்பது நிமிடம். எக்ஸ்ரேகாரனுக்குக் கிடைத்த அதே நாற்பது நிமிடம் தனக்கும் வேண்டும் என்று இருந்தது. ஏரிக்கரை, ரயில்வே கேட், மாவு மில் தெரு என்று சுற்றினான். பேசினான். வாழ்க்கையில் அவளிடம் அவ்வளவு பேசியதில்லை. மேலதிகாரியின் டோப்பா காற்றில் பறந்த கதையைச் சொல்லி, சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்தான். முதுகின் பாரம் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாள். அவனுடைய கதைக்கு.

அவள் கைகள் மட்டும் இடுப்பைச் சுற்றி வரவில்லை. கோபம் இருக்கும், இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

அந்த வாரம் இப்படியே போனது. மரத்த உடம்பில் உணர்ச்சி திரும்பியது. சாப்பாடு ருசித்தது. பகலெல்லாம் மாலைக்காகக் காத்திருந்தான். புதுமாப்பிள்ளைபோலச் சட்டையை இஸ்திரி போட்டான். இறந்தவனிடம் ஜெயித்துவிட்ட ஒரு குரூரமான குஷி உள்ளே ஊறிக்கொண்டிருந்தது. நூறு தடவை ஏற்றினாள் அல்லவா, இப்போது யார் பின்னால் வருகிறாள், எவன் மேல் சாய்கிறாள், பார்.

எட்டாம் நாள் கரண்ட் அக்காவிடம் போனான். பழுது எதுவும் இல்லை. யாராவது திரையில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆசை. அவள் இணைத்துப் பார்த்தாள். ஒரு வாரத்து ஓட்டம், எல்லாமே பாரத்தோடு என்றாள். யாரைத் தம்பி ஏற்றிக்கொண்டு சுற்றுகிறீர்கள், மறுபடி கல்யாணமா என்று கேலி செய்தாள். அவன் நான் தனியாகத்தான் போகிறேன் என்றான், சிரித்த முகத்தோடு. அவள் கேலி பாதியில் நின்றது. பின்னிருக்கையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். அழுத்தியவள் கையை வெடுக்கென்று எடுத்து, பனியன் துணியில் துடைத்துக்கொண்டாள். கை நனைந்திருந்தது.

“இதை அழிச்சுடறேன் தம்பி. ரெண்டே நிமிஷம்.”

வேண்டாம் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு, நல்ல வெயிலில், நாற்சந்தியில் ஒரு போக்குவரத்துக் காவலர் விசில் ஊதிக் கையைக் காட்டினார். ஓரங்கட்டினான். அவர் ஆடி அசைந்து வந்து வண்டியைப் பார்த்தார், பின்னால் பார்த்தார், நடைபாதையைப் பார்த்தார்.

“மீதி ரெண்டு பேர் எங்கய்யா? குதிச்சு ஓடிட்டாங்களா?”

தனியாகத்தான் வந்தேன் சார் என்றான்.

“என்கிட்டயேவா? ட்ரிபிள்ஸ் வந்தியே. ஒரு லேடி, அவங்களுக்குப் பின்னாடி ஒரு ஆளு. ரெண்டு பேரும் மழைக்கோட்டு. இந்த வெயில்ல கோட்டு எதுக்குன்னுதான் உன்னையே கவனிச்சேன்.”

சொல்லிக்கொண்டே அவர் குனிந்தார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தாரில் தண்ணீர் சொட்டியிருந்தது. இருக்கையின் இந்த ஓரத்தில் சில சொட்டுகள், அந்த ஓரத்தில் சில சொட்டுகள். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். போ என்று கையைக் காட்டினார். அப்புறம் அவனைப் பார்க்கவேயில்லை.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது எரிச்சல். இங்கேயுமா. என் வண்டியிலுமா. நான் சொன்ன கதைக்கெல்லாம், நான் சிரித்ததற்கெல்லாம், அவனும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டா வந்தான்.

அங்கேயே நின்று கரண்ட் அக்காவுக்குப் போன் செய்தான். ஒரு பாரத்தை மட்டும் அழிக்க முடியுமா என்று கேட்டான். அவள் யாருடையது என்று கேட்கவில்லை.

“ஒண்ணை மட்டும் பிரிச்சு எடுக்க முடியாதுன்னு அன்னிக்கே சொன்னேனே தம்பி. அழிச்சா எல்லாம் போகும். விட்டா எல்லாம் இருக்கும். கடையை மூடாம வெச்சிருக்கேன், வந்துடுங்க.”

கிளம்பினான். வெயில் இறங்கிவிட்டது. வண்டி முன்னைவிடக் கனத்தது. வேண்டுமென்றே பள்ளங்களில் இறக்கினான். வேகத்தடைகளில் வேகத்தைக் குறைக்காமல் தூக்கிப் போட்டான். வளைவுகளில் படுக்கவைத்தான். ஒவ்வொரு முறையும் பின்பக்க ஸ்பிரிங் இரண்டு தடவை கிறீச்சிட்டது. முதலில் ஒன்று. அப்புறம் ஒன்று. முதுகில் அந்தப் பாரம் மட்டும் சாய்ந்தது சாய்ந்தபடியே இருந்தது. அது அவனுக்கு ஆறுதலாக இருந்தது. எத்தனை பேர் ஏறினாலும் அவள் சாய்வது என்மேல்தான்.

அழித்தால் அவளும் போவாள்.

பெரிய சிக்னல். சிவப்பு. இடதுபக்கம் திரும்பினால் ஒர்க்‌ஷாப், நேராகப் போனால் ஏரிக்கரை. கம்பத்தின் மேலே எண்கள் இறங்கின. எழுபது. அறுபத்தொன்பது. அவனுக்கு இடப்புறம் பூட்டிக் கிடந்த ஒரு மரச்சாமான் கடை. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. உள்ளே விளக்கில்லை. பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் அவன் வண்டியைப் பார்த்தார். ஆட்டோவை உருட்டி நாலடி பின்னுக்குப் போனார்.

ஐம்பத்தைந்து.

“நீ மட்டும் இரு” என்றான் அவன், உதடு அசையாமல். “நான் எதுவும் கேக்க மாட்டேன். ஏன் லேட்டுன்னு கேக்க மாட்டேன். அவனை இறங்கச் சொல்லு.”

தாரில் சொட்டுச் சத்தம்.

“அவனா நானான்னு சொல்லிடு.”

நாற்பத்திரண்டு.

முதுகின் பாரம் விலகியது.

முதலில் தோளிலிருந்து. பிறகு இடுப்பிலிருந்து. அவள் இருந்த இடத்தில் காற்று பட்டுச் சட்டை சில்லிட்டது. இறங்குகிறாள் என்று நினைத்தான். வண்டி உயரவில்லை. அதே தாழ்வு. அதே கனம். யாரும் இறங்கவில்லை. நகர்ந்திருக்கிறார்கள்.

முப்பது.

பார்க்கக்கூடாது.

இருபத்தாறு.

தலை தானாகத் திரும்பியது. கடைக் கண்ணாடியில் ஸ்கூட்டர் தெரிந்தது. அதன்மேல் அவன். இஸ்திரி போட்ட சட்டை. பின்னால் அவள். மழைக்கோட்டு. நனைந்து ஒட்டிய கூந்தல்.

முகம் தெரியவில்லை. முகம் அந்தப் பக்கம் இருந்தது.

அவள் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னால் இருந்தவனைப் பார்த்து. இரண்டு கைகளாலும் அவனைக் கட்டிக்கொண்டு, அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. இத்தனை நாளும் இவன்மேல் சாய்ந்திருந்தது அவள் முதுகு. அந்த நெஞ்சில் முகம் வைத்துச் சிரித்ததுதான் இவன் முதுகில் குலுங்கியது.

பத்து.

அவள் தோளுக்கு மேலே ஒரு முகவாய் பதிந்திருந்தது. தண்ணீரில் ஊறி வெளுத்த முகம். கண்ணாடிக்குள்ளிருந்து அது இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பகையில்லாமல். முன்பின் தெரியாத ஒரு வண்டிக்காரரைப் பார்ப்பதுபோல.

நான்கு.

மூன்று.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவளைத் தாண்டி ஒரு கை நீண்டு வந்தது. ஊறிச் சுருங்கிய விரல்கள். அவை இவன் தோளில் இரண்டு முறை தட்டின, பின்னால் உட்கார்ந்தவர்கள் ஓட்டுபவனுக்குப் போகலாம் என்று தட்டுவதுபோல.

அவன் கை ஆக்ஸிலேட்டரை முறுக்கியது. நேராக.